‘இல்லை’ என்று சொல்ல நேரில் வந்தவர்

மூத்த பேரன் அருண் குர்கானில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, முதல் வருஷத்திலேயே ஆறு மாதம் அமெரிக்கா போய் வந்துவிட்டான். பேத்தி நந்தினி மோதி பாக் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் முதலாவதாக வந்திருக்கிறாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை தமிழில் முதலாவதாக வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குட்டி விக்னேஷ் ஸ்கேட்டிங்கில் மெடல் வாங்கியிருக்கிறான், வெள்ளி மெடல். என் கூட்டாளி ஜெயாவின் மகன் வங்கி அதிகாரி பரீட்சையில் தேறிவிட்டான். இன்னொரு கூட்டாளி கமலேஷின் மகள் டாக்டர் ஆகிவிட்டாள். பல் டாக்டர்தான், ஆனால் வெறும் டாக்டர் என்று எழுதினால் போதும் என்று கமலேஷ் சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவையும் ஒரு நீல இன்லேண்டு கடிதத்தில் எழுதி, ஓரத்தை ஒட்டி, மேசை மேல் வைத்திருந்தேன். வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் நாச்சிமுத்து சாருக்கு நான் போடும் கடிதம் அது. மறுநாள் தபால்பெட்டியில் போட வேண்டும். அன்று காலையில் டெலிபோன் அடித்தது.

“அம்மா, நான் கவிதா பேசறேனுங்க. உடுமலையில இருந்து. நாச்சிமுத்து பொண்ணு.”

“சொல்லு தாயி. இப்பந்தான் அப்பாக்குக் கடுதாசி எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.”

“அப்பா முந்தாநேத்து தவறிட்டாருங்க. இதையெல்லாம் நேர்ல வந்து சொல்லோணும்னு அப்பா சொல்லுவாரு. அவ்வளவு தூரம் வர முடியலீங்கம்மா, மன்னிச்சுக்குங்க” என்றாள். அப்பாவை இழந்த பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். யாருடைய மகள் என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது.

நம் தமிழ்ச் சங்கத்து இதழில் அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், யாராவது ரிட்டயர்டு ஆபீசரிடம் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்று நினைவு வந்தது. ஏன் பிடிக்காது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: சிறுதொழில்களுக்குக் கைகொடுக்கும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்தவர் நாச்சிமுத்து. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கோவைப் பக்கத்துக்காரர். தலையில் ஹெல்மெட்டும் கையில் பழைய ரெக்சின் பையுமாக ஸ்கூட்டரில் வருவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை விழாவுக்கு அவரைப் பேச அழைத்திருந்தார்கள். அரங்கத்தில் முக்கால்வாசிப் பேர் கிளார்க்குகளும் அவர்கள் குடும்பங்களும். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, என் பையன் பி.காம். முடித்திருக்கிறான், உங்கள் ஆபீஸில் இடம் உண்டா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரும் எழுந்து கேட்டார். நாச்சிமுத்து சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வேலைக்குச் சேர்ற ஃபாரம் எங்ககிட்ட இல்லீங்க. வேலை குடுக்கறவங்களுக்குத்தான் எங்ககிட்ட ஃபாரம் இருக்குது.” பிறகு பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். “இங்க எத்தன பேரு ஊட்ல தையல் மெஷின் வெச்சிருக்கறீங்க?” என்றார். முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன. “அப்புறமென்னுங்க, பாதித் தொழிற்சாலை இங்கயே உக்காந்திருக்குது” என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் ஆபீஸிலிருந்து ஒரு மேசை துடைக்கும் துணியைக் கொண்டுவந்து காட்டினார். டஸ்டர் என்பார்கள், இங்கே ஜாடன். வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை, ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. “இத நான் தச்சிருந்தா ஒரு வருஷம் வந்திருக்கும்” என்றேன். சும்மா சொன்னதுதான். மறுநாளே ஜெயாவும் நானும் கட்டம் போட்ட பருத்தித் துணி வாங்கி, ஓரத்தை இரண்டாக மடித்துத் தையல் அடித்துப் பார்த்தோம். அடுத்த பிளாக்கில் இருந்த பஞ்சாபிப் பெண் கமலேஷும் சேர்ந்துகொண்டாள். நாச்சிமுத்து சாரைப் போய்ப் பார்த்தோம். அரசு அலுவலகங்கள் துணி வாங்கும் டெண்டருக்கு மாதிரி கொடுக்கலாம் என்று அவர்தான் வழி சொன்னார்.

மாதிரி கொடுக்கும் நாளுக்கு முன்னால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். மாதிரிக்குத் தைத்த பன்னிரண்டு துணியையும் துவைத்து, சாதம் வடித்த கஞ்சியில் முக்கி, மொட்டை மாடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு அடுக்கினோம். நம் ஊர்ப் பெண்கள் பருத்தி என்று எதைக் கண்டாலும் கஞ்சி போடாமல் விடுவோமா? துணி மொடமொடவென்று நின்றது. கமலேஷ் ஒன்றைக் கையில் எடுத்து, விரலால் தட்டிப் பார்த்து, “தீதி, யே தோ பாப்பட் ஹை!” என்றாள். அப்பளம் மாதிரி இருக்கிறதாம். இந்த வடக்கத்திப் பெண்ணுக்குக் கஞ்சியின் அருமை என்ன தெரியும் என்று ஜெயாவும் நானும் தமிழில் பேசிச் சிரித்துக்கொண்டோம்.

இருபது நாள் கழித்து, மே மாத வெயிலில், நாச்சிமுத்து சாரின் ஸ்கூட்டர் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றது. கையில் எங்கள் பொட்டலம். ஹெல்மெட்டைக் கழற்றியதும், “அக்கா, ஒரு பக்கெட் தண்ணி குடுங்க” என்றார். குடிக்கவா, முகம் கழுவவா என்று நான் யோசிப்பதற்குள், ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து எங்கள் தரையில் ஊற்றினார். “தொடைங்க பாக்கலாம்” என்று எங்கள் ஜாடனையே என் கையில் கொடுத்தார். துடைத்தேன். துணி தண்ணீரைக் குடிக்கவே இல்லை. தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் சேர்த்தது.

“இது தொடைக்கற துணிங்களா, கல்யாண வேட்டிங்களா அக்கா?”

ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள். கமலேஷ் பொத்திக்கொள்ளவில்லை. எனக்கு அவமானத்தில் தரையே விலகினால் தேவலை போல இருந்தது.

அவர் தரையிலேயே உட்கார்ந்து பேசினார். மாதிரி தள்ளுபடி ஆகிவிட்டது, இந்தத் தடவை இல்லை. ஆனால் தள்ளிய அலுவலகத்தில் அவர் ஒன்றைக் கேட்டு வாங்கி, மூன்று தடவை துவைத்துப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. “தச்சது பாஸுங்க. கஞ்சிதான் ஃபெயிலு. அடுத்த டெண்டருக்கு இதே மடிப்பு, கஞ்சி இல்லாம” என்றார். இதைச் சொல்ல இவ்வளவு வெயிலில் வர வேண்டுமா, ஒரு கடிதம் போட்டிருக்கலாமே என்றேன். அப்போது அவர் சொன்னதிலிருந்துதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தேன்.

“ஆமான்னு சொல்றதுக்குத் தபால் போதுமுங்க. இல்லைன்னு சொல்றதுக்கு ஆள் போகோணும். கடுதாசில இல்லைன்னு படிச்சா அந்த மனுசி மெஷின மூடி வெச்சிருவா. நேர்ல சொன்னா ஏன்னு கேப்பா.”

அடுத்த டெண்டருக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘கல்வி’ என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அவர் பேனாவை என்னிடமே திருப்பித் தந்தார். “அஞ்சாவதுன்னு எழுதுங்கக்கா. மறைக்காதீங்க. நாளைக்கு இந்த ஃபைலத் தொறக்கற இன்னொரு ஆபீசரு, அஞ்சாவது படிச்சவங்களுக்கும் இது நடக்கும்னு தெரிஞ்சுக்கோணுமல்லங்க?” என்றார். எழுதினேன். எழுதியதும் அந்தக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். இப்போது மறைக்கவில்லை என்பதற்கு இந்தக் கட்டுரையே சாட்சி.

கஞ்சி போடாத மாதிரி தேறியது. அதற்குத் தபாலில்தான் பதில் வந்தது. முதல் ஆர்டர். நாற்பது நாளில் கொடுத்து முடிக்க வேண்டும். தவறினால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். ஏழு பெண்கள் சேர்ந்தோம். ஐந்து மெஷின்களை எங்கள் வீட்டு முன்னறையில் வரிசையாகப் போட்டோம். காலையில் ஆண்கள் ஆபீஸ் போனதும் தொடங்கினால் அவர்கள் திரும்பும் வரை மெஷின் சத்தம்தான்.

பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. அரசு குவார்ட்டர்ஸில் வியாபாரம் நடத்துவதாகப் புகார், விளக்கம் தராவிட்டால் வீடு ரத்தாகும் என்று. யார் எழுதிய புகார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. ஐந்து மெஷின் சத்தம் யாருக்கும் தலைவலிதான். ஆனால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. கடைசி மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரருக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்.

“ஏட்டி, இந்த நேரத்துல வீடும் போயி, பென்ஷனுக்கும் வில்லங்கம் வந்துச்சுன்னா, உன் ஜாடனை வச்சுக் கண்ணத் தொடச்சுக்கிட்டுதான் நிக்கணும்” என்றார்.

“கஞ்சி போடாததுதான், நல்லாவே தொடைக்கும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நாச்சிமுத்து சார் வந்தார். எங்கள் தொழிலைப் பதிவு செய்ய அவர் இடத்தைப் பார்வையிட வேண்டிய நாள் அது. மெஷின்களையும் நோட்டீஸையும் பார்த்தார். அவர் நினைத்தால் பார்க்காத மாதிரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்வார் என்றுதான் ஜெயாவும் நானும் மனசுக்குள் எதிர்பார்த்தோம்.

“அக்கா, இந்த வெலாசத்துக்குப் பதிவு இல்லீங்க. நான் பாத்ததப் பாக்கலைன்னு எழுத மாட்டேன். இன்னைக்கே மெஷின நிறுத்திருங்க.”

“சார், இன்னும் முப்பது நாள்தான் இருக்கு” என்றாள் ஜெயா.

“தெரியுமுங்க. அதனாலதான் நேர்ல வந்தேன்.”

பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். தொழிற்பேட்டையில் அவருடைய அலுவலகம் சிறுதொழில் செய்யும் பெண்களுக்காகவே ஒரு பொது வேலைக்கூடம் கட்டியிருந்தது. துணி வெட்டும் மேசை, மின்சாரம், குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. காரணம், பெண்கள் யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கிருந்து லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடக்க வேண்டும். எந்த வீட்டில் விடுவார்கள்? “சர்க்காரு கட்டடம் கட்டி ரிப்பன் வெட்டுனா வேல முடிஞ்சதுன்னு நெனைக்குது. ஒரு அம்மிணி அங்க போயி வேல செஞ்சுட்டு, பொழுதோட ஊடு திரும்பினாத்தான் முடிஞ்சதுங்க” என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அதுவரை நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருந்தார். “சாவி யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார். ஒரு கிளார்க்குக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். சாவி ஒரு செக்‌ஷனில், அனுமதி இன்னொரு செக்‌ஷனில், கையெழுத்து மூன்றாவது இடத்தில். “ஃபைல் எந்த மேசையில எத்தனை நாள் தூங்கும்னு எனக்குத் தெரியும். நீங்க நோட் போடுங்க, விண்ணப்பத்த நான் எழுதுதேன்” என்றார். அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். தன் மனைவி தொழில் செய்கிறாள் என்று தன் ஆபீஸுக்குத் தர வேண்டிய தகவலையும், வீட்டில் இனி மெஷின் ஓடாது என்ற விளக்கத்தையும் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “முப்பது வருஷமா ஊரு ஃபைலக் கட்டியிருக்கேன். இது ஒண்ணுதான் நம்ம ஃபைலு” என்றார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

எட்டு நாளில் கூடம் திறந்தது. டெம்போவில் மெஷின்கள் போயின. பாக்கி பஸ்தான். பேட்டை வாசலில் நிறுத்தம் வேண்டும் என்று நாச்சிமுத்து சார் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதியிருந்தார்; பதில் வர மாதங்கள் ஆகும். அதுவரை என்ன செய்தார் தெரியுமா? முதல் நாள் காலையில் நாங்கள் ஏறிய பஸ்ஸில் அவரும் ஏறினார். பேட்டை வாசல் வழியாக நிற்காமல் போகும் பஸ்ஸைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். படியருகே நின்றுகொண்டு, வாசல் வந்ததும், “பையா, ஸரா ரோக் தீஜியே, சாத் பெஹனே ஹைன்” என்றார். ஏழு சகோதரிகள் இறங்க வேண்டும், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் அந்த அதிகாரி ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். எட்டாம் நாள் அவர் வரவில்லை. டிரைவர் தானாக நிறுத்தி, “வோ சாப் கஹான் கயே?”, அந்த சார் எங்கே என்று எங்களைக் கேட்டார். நிறுத்தம் என்று போர்டு வைத்தது அடுத்த வருஷம். இன்றைக்கும் அந்த நிறுத்தம் இருக்கிறது. அதில் இறங்கும் நூறு பெண்களுக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆர்டர் கொடுத்த ஆபீஸில் துணிகளைக் கொண்டுபோய் இறக்கினோம். அங்கிருந்த ஸ்டோர் அதிகாரி கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, மேசையில் தண்ணீரைக் கொட்டித் துடைத்தார். ஒரே இழுப்பில் மேசை காய்ந்தது. கமலேஷ் என் காதில், “அப் பாப்பட் நஹீன் ஹை” என்றாள், இப்போது அப்பளம் இல்லை என்று. ஏழு பேரும் அந்த ஆபீஸில் நின்று அப்படிச் சிரித்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பிறகு ஒருமுறை அவரோடு பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு ப்யூன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது; இரட்டை மடிப்பு, மூலையில் குறுக்குத் தையல். “ஏங்க, அது நம்மது” என்றேன். அவர் எழுந்து போய் அந்தத் துணியைக் கையில் வாங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்து, ப்யூனிடம், “மேரி மிஸஸ் நே பனாயா” என்றார், என் மனைவி தைத்தது என்று. முப்பத்தைந்து வருஷக் குடும்பத்தில் அந்த மனுஷர் என்னைப் பற்றி வெளியாளிடம் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாவது ‘இல்லை’யையும் சொல்லிவிடுகிறேன். நாச்சிமுத்து சார் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், எங்கள் கூடத்துக்கு மேனேஜராக வந்துவிடுங்கள் என்று எல்லோரும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினோம். நல்ல எண்ணத்தில்தான். மறுநாளே ஸ்கூட்டர் வந்து நின்றது. வண்டியைப் பார்த்ததும் கமலேஷ் மெஷினை நிறுத்தி, “லோ, நா ஆ கயி” என்றாள். ‘இல்லை’ வந்துவிட்டது என்று.

“நேத்து வரைக்கும் உங்க ஃபைல்ல கையெழுத்துப் போட்டவன் நாளைக்கு உங்க நாற்காலில உக்காரக்கூடாதுங்க. அப்புறம் நான் போட்ட கையெழுத்துக்கே மதிப்பில்லாமப் போயிரும்” என்றார். எங்கள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, “நான் இல்லாமலே நடக்குதுன்னா அதுதானுங்க எனக்குப் பெரும. வருசத்துக்கு ஒரு கடுதாசி போடுங்க. தொழிலப் பத்தி வேண்டாம், பசங்க என்ன பண்றாங்கன்னு எழுதுங்க. அதுல இருந்தே எனக்குத் தொழில் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுரும்” என்றார்.

அதனால்தான் அந்த நீலக் கடிதங்கள். அருணின் கம்ப்யூட்டரும் நந்தினியின் தமிழும் கமலேஷ் மகளின் டாக்டர் பட்டமும் அந்தப் பூட்டிய கூடத்தின் சாவியிலிருந்து வந்தவை என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தான் தெரியும். சொல்லத் தொடங்கினால் “பாட்டி, ஜல்தி சொல்லுங்க” என்பார்கள். இதையாவது எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும்.

எங்கள் கூடத்தில் இப்போது இருபத்து மூன்று பெண்கள். போன மாதம் பதர்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு எழுதியிருந்தாள். மெஷின் காலி இல்லை. இல்லை என்று ஒரு கார்டு போட்டால் முடிந்தது. நான் ஆட்டோ பிடித்துப் போனேன். முழங்கால் வலி ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம். அவள் வீட்டில் உட்கார்ந்து, இப்போது இடம் இல்லை, இடம் வருவதற்குள் நீ எந்த மடிப்பைப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன். அவள் அழவில்லை. ஏன் என்று கேட்டாள். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். என் கால் நடக்கும் வரை நான் போவேன். அப்புறம் ஜெயா போவாள்.

கடைசியாகக் கவிதாவுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கூடத்தில் உன் அப்பாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறோம். ஏதோ அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, முறைத்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வரும் பெண்கள், யார் இந்தக் கோபக்காரர் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் புதிய போட்டோ ஒன்று தபாலில் அனுப்பச் சொல்லி அவருக்கு எழுதினேன். அவர் அனுப்பவே இல்லை. நீ அனுப்பு, தாயி. சிரிக்கிற மாதிரி ஒன்று. இருந்தால் தபாலில் போட்டுவிடு. அப்படி ஒரு படம் இல்லையென்றால் கடிதம் எழுதாதே. நேரில் வந்து சொல்.